முழங்கால் நீரில் ஒரு செம்பு வால்

டெக்சாஸின் தெற்குக் கரையோரம் ரெட்ஃபிஷ் பிடிக்கப் போகிறீர்கள் என்றால் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். தூண்டிலைப் போட்டுவிட்டுக் காத்திருக்கும் வேலை இங்கே இல்லை. மீனைக் கண்ணால் கண்ட பிறகுதான் வீச வேண்டும். ஒரு நாள் முழுக்கப் படகில் நின்றும் இருபது முறைகூட வீசாமல் திரும்பலாம். அதில் ஐந்து வீச்சு விழ வேண்டிய இடத்தில் விழுந்தால் அது நல்ல நாள்.

இடம் லகூனா மாத்ரே. பழவேற்காடு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா கிடக்கிறதல்லவா, அதே அமைப்புதான். மெக்சிகோ வளைகுடாவுக்கு அணை போட்டதுபோல் பாட்ரே தீவு நீளமாகக் கிடக்கிறது. தீவுக்கு உள்பக்கம் சுமார் 200 கி.மீ. நீளத்துக்கு உப்பங்கழி. சராசரி ஆழம் ஒரு மீட்டர்தான். பெரிய ஆறு எதுவும் வந்து கலப்பதில்லை, வெயிலும் கடுமை. அதனால் தண்ணீர் பல சமயம் கடலைவிட அதிகமாகக் கரிக்கும். 1949இல் கால்வாய் வெட்டி முடிக்கும்வரை வடக்கே உள்ள மேல் கழிக்கும் தெற்கே உள்ள கீழ்க் கழிக்கும் நடுவே மணல்வெளிதான் இருந்தது. முதல் முறை வருகிறவர்கள் கீழ்க் கழிக்குப் போவதே நல்லது என்பேன். அங்கே தண்ணீர் தெளிவு, கடற்புல் மேடைகள் பரந்தவை, கண்ணுக்குப் பழக்கம் சீக்கிரம் வரும்.

தங்குவதற்குத் தெற்கு பாட்ரே தீவு, போர்ட் இசபெல் இரண்டிலும் விடுதிகள் நிறைய. அமைதி வேண்டுமென்றால் போர்ட் மான்ஸ்ஃபீல்ட். விமானத்தில் வருகிறவர்கள் ஹார்லிங்கனிலோ பிரௌன்ஸ்வில்லிலோ இறங்கலாம். ஹூஸ்டனிலிருந்து காரில் வந்தால் ஆறு மணி நேரம் பிடிக்கும். கிங்ஸ்வில்லிலேயே பெட்ரோல் டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள். அதற்குத் தெற்கே பெரிய பண்ணை நிலங்களின் ஊடே வெகுதூரம் பங்க் கண்ணில் படாது.

ரெட்ஃபிஷ் நமக்கு முற்றிலும் அந்நிய மீன் இல்லை. ரெட் டிரம் என்பது அதன் முறையான பெயர். நம் கத்தாளையின் குடும்பம். காற்றுப்பையை ஒட்டிய தசைகளை அதிரவைத்து மத்தளம்போல் ஒலி எழுப்பும், பெயர் அதனால் வந்தது. உடம்பு செம்பு நிறம், வால் அடியில் கறுப்புப் பொட்டு. இலையுதிர் காலத்தில் முகத்துவாரங்களை ஒட்டி முட்டையிடும். குஞ்சுகள் கழிக்குள் வந்து மூன்று நான்கு வருடம் புல்லுக்குள் வளர்ந்து, பிறகு கடலுக்குப் போகும். நாற்பது வருடம்வரை வாழக்கூடிய மீன் இது. நீங்கள் கழியில் பார்ப்பவை பெரும்பாலும் இளசுகள்.

எப்போது போவது? வருடம் முழுக்க மீன் உண்டு. ஆனால் இங்கே ஓதம் மிகச் சிறியது. தண்ணீரை ஏற்றுவதும் இறக்குவதும் பெரும்பாலும் காற்றுதான். மார்ச், ஏப்ரலில் தென்கிழக்குக் காற்று விடாமல் அடித்து நீரைக் கலக்கிவிடும். கோடையில் விடியற்காலை ஓரிரு மணி நேரம் தண்ணீர் கண்ணாடி. செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் வரை என்பது என் தேர்வு. குளிர்காலத்தில் வாடைக் காற்று வந்து போன மறுநாள் நீர் வற்றித் தெளிந்திருக்கும், மீன்கள் பள்ளங்களில் ஒதுங்கும். எந்த மாதமானாலும் இரண்டு நாளாவது ஒதுக்குங்கள். ஒரு நாளை மேகம் விழுங்கிவிட்டால் இன்னொன்று கையில் இருக்கும்.

வழிகாட்டி இல்லாமல் முதல் முறை போகாதீர்கள். பணம் கொடுத்து ஆட்களை ஏற்றிச் செல்பவரிடம் அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் கேப்டன் உரிமமும், டெக்சாஸ் மாநிலத்தின் வழிகாட்டி உரிமமும் இருக்க வேண்டும். கேட்டுப் பாருங்கள், தவறில்லை. கோல் ஊன்றித் தள்ளும் தட்டைப் படகில் இரண்டு பேருக்குத்தான் இடம், அதிலும் முனையில் நிற்பவர் ஒருவர். மீனைத் தேடி நெடுநேரம் கோல் ஊன்றுவது உடம்பை முறிக்கும் உழைப்பு. கட்டணத்துக்கு மேல் 15 முதல் 20 சதவீதம் டிப்ஸ் கொடுப்பது அங்கே வழக்கம், அதையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். இன்னொன்று, வாழைப்பழம் கொண்டுபோகாதீர்கள். நமக்கு அது மங்கலம். பல கேப்டன்களுக்குப் படகில் அது அபசகுனம். அவர் படகு, அவர் நம்பிக்கை.

ஊரிலிருந்து கிளம்புமுன் செய்ய வேண்டிய பயிற்சி ஒன்று உண்டு. படகின் முனையைக் கடிகாரத்தின் 12 என்று வையுங்கள். வலக்கை 3, இடக்கை 9. பின்மேடையில் உயரத்தில் நிற்கும் கேப்டனுக்கு உங்களுக்கு முன்பே மீன் தெரியும். “பத்து மணி, நாற்பது அடி, வலப்பக்கம் நகர்கிறது” என்பார். கேட்டதும் திரும்பிப் பார்த்து “எங்கே?” என்று கேட்காதீர்கள். தூண்டில் கோலை அந்தத் திசையில் நீட்டுங்கள். “இன்னும் இடது, நிறுத்து” என்று அவர் கோலைப் பார்த்தே திருத்துவார். வீட்டு மொட்டைமாடியில் ஒரு தட்டை வைத்து, நண்பரை மணி சொல்லச் சொல்லி, நாற்பது அடிக்குள் வீசிப் பழகுங்கள். எண்பது அடி வீசத் தெரிந்து பயனில்லை. காற்றுக்கு எதிராக முப்பத்தைந்து அடி, இரண்டே சுழற்சியில் வீசத் தெரிந்தால் போதும்.

பார்ப்பதுதான் கடினம். முதல் நாள் காலை, கேப்டன் கோலை ஊன்றிப் படகை நிறுத்தி, “எதிரே மூன்று மீன்” என்று கிசுகிசுத்தார். எனக்குத் தெரிந்தது வெயிலின் மினுமினுப்பு மட்டும். “தண்ணீரின் மேல்பரப்பைப் பார்க்காதே, அடியில் இருக்கும் புல்லைப் பார்” என்றார். பார்வையை ஒரு முழம் கீழே இறக்கினேன். புல்லின் பச்சைக்கு நடுவே வெற்று மணல் வட்டம் ஒன்று. அதன் குறுக்கே பழுப்பு நிழல் ஒன்று நிதானமாக நகர்ந்தது. அடுத்த கணம் தலை கீழே போய் வால் மேலே வந்தது. நண்டோ இறாலோ தேடிச் சேற்றைக் கிளறும் மீனின் வால் முழங்கால் நீரில் அப்படித்தான் எழும். வெயில் பட்டு ஈரம் சொட்டும் செம்பு, ஓரத்தில் மெல்லிய நீலக் கோடு. அந்த நீலத்தை எந்தப் படத்திலும் நான் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு மற்ற இரண்டும் தானாகவே தெரிந்தன.

வால் தெரியாதபோது வேறு தடயங்கள் உண்டு. மடவைக் கூட்டம் திடீரென்று சிதறும். நீர்மேல் அம்பு முனைபோல் ஒரு அலை காற்றுக்கு எதிராக நகரும். திருக்கை கிளப்பும் சேற்றுப் புகையின் பின்னாலேயே ரெட்ஃபிஷ் மேயும்.

ரெட்ஃபிஷின் வாய் கீழ்நோக்கி இருப்பதால் இரை கண்மட்டத்திலோ அதற்குக் கீழோ வர வேண்டும். தலைமேல் விழுந்தால் ஓடிவிடும், வால் பக்கம் விழுந்தால் தெரியாது. அது போகும் பாதைக்கு இரண்டு மூன்றடி முன்னால், கொஞ்சம் தாண்டி வீசி, மெல்ல அதன் வழிக்கு இழுத்து வாருங்கள். இரை மீனை நோக்கிப் பாய்ந்து வரக்கூடாது. எந்த இறாலும் தன்னைத் தின்ன வருவதை நோக்கி ஓடாது. ஃபிளை எனும் எடையற்ற போலி இரையைப் போடுபவர்கள், மீன் கவ்வியதும் கோலைத் தூக்காமல் கையால் நரம்பை நேராக இழுத்து முள்ளைப் பதியுங்கள்.

ஃபிளைக்கு 8 எண் கோலும் மிதக்கும் நரம்பும் போதும். இறால், நண்டு வடிவ ஃபிளைகள். சாதாரண ரீல் பழகியவர்களுக்கு ஏழடிக் கோலும், புல்லில் சிக்காத கால் அவுன்ஸ் தங்கநிற ஸ்பூன் எனும் உலோகப் போலி இரையும். இவையெல்லாம் கேப்டனிடமே இருக்கும். உங்களிடம் கட்டாயம் இருக்க வேண்டியது போலரைஸ்டு கண்ணாடி, தேன் நிறமோ செம்பு நிறமோ. அது இல்லையென்றால் வந்ததே வீண். முழுக்கைச் சட்டை, விளிம்பின் அடிப்பக்கம் இருண்ட தொப்பி, படகில் கறை படியவிடாத அடி கொண்ட செருப்பு. பெட்டி மூடியை டமாரென்று மூடாதீர்கள். ஆழமில்லாத நீரில் அந்தச் சத்தம் மீனுக்கு இடி.

இறங்கி நடந்து பிடிப்பதானால் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடங்கள், திருக்கை விலகிப்போகும். முள் பட்டுவிட்டால் பொறுக்கும் அளவு சூடான நீரில் காலை வைத்து, மருத்துவரிடம் போங்கள். சர்க்கரை நோயோ ஈரல் கோளாறோ உள்ளவர்கள் உடம்பில் வெட்டுக்காயம் இருந்தால் கோடையில் நீரில் இறங்கவே வேண்டாம். வெதுவெதுப்பான உப்புநீரில் வாழும் விப்ரியோ கிருமி காயம் வழியாக ஏறினால் உயிருக்கே ஆபத்து.

சட்டங்களை மதியுங்கள். ஒரு காலத்தில் இந்த மீன் தீர்ந்துபோகும் நிலைக்கு வந்தது. டெக்சாஸ் 1981இல் காட்டு ரெட்ஃபிஷ் விற்பனையைத் தடை செய்தது. அதன் பிறகுதான் லூசியானா சமையல்காரர் பால் புருதோம் மசாலா தடவிக் கருக்கி வறுத்த ரெட்ஃபிஷ் நாடெங்கும் பரவி, வளைகுடாவின் பெரிய மீன்களை வாரிக்கொண்டு போனது. டெக்சாஸில் ஒருவர் நாளொன்றுக்கு மூன்று மீன்தான் எடுக்கலாம், அதுவும் பொதுவாக 20 முதல் 28 அங்குலத்துக்குள். அதற்கு மேற்பட்டவை முட்டையிடும் வயதுக்கு வந்தவை. அந்த வருட விதியைப் புறப்படுமுன் மாநிலப் பூங்கா, வனவிலங்குத் துறையிடம் சரிபாருங்கள். கடல்நீருக்கான மீன்பிடி உரிமமும் வேண்டும். 2013 முதல் கடற்புல்லைப் படகு விசிறியால் பிடுங்குவதும் குற்றம். அந்தத் தழும்பு ஆற வருடக்கணக்காகும். குறுக்கு வழியில் புல்மேட்டின் மேல் எஞ்சினோடு போகாத கேப்டனைத்தான் நான் தேடுவேன்.

பிடித்ததை விடுவதானால் முள்ளின் கொக்கியை முன்பே நசுக்கிவிடுங்கள். மீனை நீண்ட நேரம் அலைக்கழிக்காமல் இழுத்துவிடுங்கள், கோடையில் நீரில் உயிர்வளி குறைவு. கையை நனைத்துக்கொண்டு, ஒரு கை வயிற்றின் கீழ், மறு கை வால்மூட்டில். படம் எடுக்கும்போது நீங்களும் மூச்சடக்கிப் பாருங்கள், உங்களுக்கு மூச்சு முட்டும்போது அதற்கும் முட்டும். நீருக்குள் இறக்கித் தலையைக் காற்றுப் பக்கம் திருப்பி நிறுத்துங்கள். செவுள் திறந்து மூடும், திறந்து மூடும். வாலைப் பிடித்த கையில் ஒரு உதறல் வரும். அப்போது விரல்களைத் தளர்த்துங்கள்.