விழுங்கும் கேமரா எதைக் காட்டும், எதைக் காட்டாது?



மாதக்கணக்கில் வயிற்றுப்போக்கு, அடிவயிற்று வலி, இரத்தசோகை, உடல் மெலிவு என்று பிள்ளை படுத்தால், நம் வீடுகளில் முதலில் சூடு என்போம், பிறகு கண்ணேறு என்போம். ஓதிப் பார்ப்பதை யாரும் தடுக்கவில்லை. அதற்காக மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடக் கூடாது. மருத்துவம் செய்துகொள்ளச் சொன்னவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள்தான்.

இந்தத் தொல்லைகளுக்குக் குடல் அழற்சி நோயும் ஒரு காரணமாக இருக்கலாம். அதில் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்பது பெருங்குடலை மட்டும் தாக்கும். குரோன்ஸ் நோய் வாய் முதல் ஆசனவாய் வரை எங்கும் வரும். சிறுகுடலின் கடைசிப் பகுதியில் அதிகம். சிறுகுடலின் நீளம் ஏறக்குறைய 6 மீட்டர். வாய்வழிக் குழாய் அதன் தொடக்கத்தை மட்டும் பார்க்கும். ஆசனவாய் வழியாகச் செய்யும் கொலனோஸ்கோப்பி அதன் கடைசிச் சில அங்குலத்தை மட்டும் பார்க்கும். நடுப்பகுதியைப் பார்க்க வந்ததுதான் கேப்சூல் எண்டோஸ்கோப்பி. 2001-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

கேப்சூல் 26 மி.மீ. நீளம், 11 மி.மீ. பருமன் இருக்கும். உள்ளே கேமராவும் விளக்கும் பேட்டரியும் உண்டு. முந்தைய இரவிலிருந்து வெறும் வயிற்றோடு இருந்து, காலையில் தண்ணீருடன் விழுங்க வேண்டும். விநாடிக்கு 2 படம் வீதம், 8 மணி நேரத்தில் 50,000-க்கும் மேல் எடுத்து, இடுப்பில் கட்டிய கருவிக்கு அனுப்பும். பிறகு மலத்தோடு வெளியேறிவிடும். மேலுறை ஜெலட்டினா என்று கேட்பவர்கள் உண்டு. அது கரையாத பிளாஸ்டிக். நோன்போடு விழுங்கினால் நோன்பு முறியும். நோயாளிக்குச் சலுகை இருக்கிறது, பின்னர் கழா செய்துகொள்ளலாம்.

இனி முக்கியமான விஷயம். இந்தக் கேமரா புண்ணைக் காட்டும், புண் எதனால் வந்தது என்று சொல்லாது. மூட்டுவலிக்கு மெடிக்கல் கடையில் நாமே வாங்கி விழுங்கும் வலி மாத்திரைகளும் சிறுகுடலில் புண் உண்டாக்கும். நம் நாட்டில் குடல் காசநோயும் குரோன்ஸ் போலவே தோன்றும். காசநோயைக் குரோன்ஸ் என்று எண்ணி ஸ்டீராய்டு கொடுத்தால் கிருமி பரவும். குரோன்ஸைக் காசநோய் என்று எண்ணினால் மாதக்கணக்கில் வீண் மருந்து.

இந்தக் குழப்பத்தைப் பற்றி நமக்குப் பக்கத்திலேயே ஆய்வு நடந்திருக்கிறது. வேலூர் சி.எம்.சி.யின் டாக்டர் அன்னா புலிமூட் குழுவினர், கொலனோஸ்கோப்பியில் எடுத்த சதைத் துணுக்குகளை ஆராய்ந்து, 1999-இல் 'கட்' என்ற மருத்துவ இதழில் எழுதினார்கள். நுண்ணோக்கியில் தெரியும் அழற்சி முடிச்சுகள் காசநோயில் பெரியவையாக, பலவாக, ஒன்றோடொன்று சேர்ந்திருக்கும். குரோன்ஸில் சிறியவையாக, தனித்தனியாக இருக்கும். கேப்சூலால் துணுக்கு எடுக்க முடியாது. எனவே கொலனோஸ்கோப்பியும் பயாப்ஸியும் முதலில், கேப்சூல் பிறகுதான். அவற்றில் தெளிவு கிடைக்காமல், சிறுகுடலில் சந்தேகம் நீடித்தால் மருத்துவரே எழுதிக்கொடுப்பார்.

விழுங்குமுன் ஒன்றை மறைக்காமல் சொல்லுங்கள். சாப்பிட்டபின் வயிறு உப்பி முறுக்குவது, வாந்தி, முன்பு குடல் அறுவை செய்தது போன்றவை இருந்தால் குடல் சுருங்கியிருக்கலாம். அங்கே கேப்சூல் சிக்கினால் எடுக்க அறுவை வரை போக நேரிடும். அதனால் முதலில் ஸ்கேன் பார்ப்பார்கள், அல்லது தானே கரையும் சோதனைக் கேப்சூல் கொடுப்பார்கள். இரண்டு வாரமாகியும் வெளியேறவில்லை என்றால் எக்ஸ்ரே அவசியம். வெளியேறும்வரை எம்.ஆர்.ஐ. எடுக்கக் கூடாது.

குரோன்ஸ் உறுதியானவர்களுக்கு, மருந்தில் புண் ஆறுகிறதா என்று பார்க்கவும் இது பயன்படும். வலி நின்றதும் மாத்திரையை நிறுத்துவோர் நம்மில் அதிகம். வலி நின்றும் புண் உள்ளே இருக்கும். ஆனால் ஒவ்வொரு முறையும் கேப்சூல் தேவையில்லை. கால்புரோட்டெக்டின் என்ற மலப் பரிசோதனையே பலருக்குப் போதும்.

ஒரு கேப்சூலை ஒருமுறைதான் பயன்படுத்த முடியும், அதனால் செலவு அதிகம். இதற்காக ஜகாத் நிதியில் உதவி கேட்போர் கொலனோஸ்கோப்பி, பயாப்ஸி முடிவுகளையும், இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டையும் கொண்டு வாருங்கள். பயாப்ஸியில் காசநோய் என்று வந்தால், அதற்கான மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம்.