வாழைக் கன்றும் வீட்டுக் குழந்தையும்



கல்யாணப் பந்தலில் குலை தள்ளிய வாழையைக் கட்டுகிறோம். "வாழையடி வாழையாகத் தழைக்கணும்" என்று பெரியவர்கள் வாழ்த்துகிறார்கள். நல்ல வாழ்த்துதான். ஆனால் அதைத் தவறாகப் புரிந்துகொண்டதால் ஒரு குடும்பத்துக்கு வரவிருந்த கேட்டை இங்கே சொல்கிறேன்.

செம்பட்டிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் தம்பதிகள் கூட்டம் நடத்தினோம். வாழை போட்டிருக்கும் விவசாயி ஒருவர் எழுந்தார். "ஐயா, வாழையில தாய் மரம் எப்படியோ கன்னும் அப்படியே. எங்க வீட்டுல வரிசையா மூணும் பொண்ணு. தாயைப் போலத்தானே வருது? வேற மண்ணுல விதைச்சாத்தான் ஆம்பளைப் பிள்ளை பொறக்கும்னு எங்க ஆத்தா சொல்லுது" என்றார்.

பின்வரிசையில் அவர் மனைவி கைக்குழந்தையோடு தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். 'வேற மண்ணு' என்றால் இரண்டாம் தாரம் என்பது கூட்டத்தில் எல்லோருக்கும் புரிந்தது. அன்று அவருக்குச் சொன்ன விளக்கத்தை உங்களுக்கும் சொல்கிறேன்.

ஒன்று இரண்டாகும் விதம்

உயிருள்ள எல்லாமே உயிரணுக்களால் ஆனவை. ஒரு வீட்டுக்குச் செங்கல் போல, உடம்புக்கு உயிரணு. ஆனால் செங்கல் தானாகப் பெருகாது, உயிரணு பெருகும். ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் மெல்லிய இழைகள் இருக்கின்றன. குரோமோசோம் என்று இவற்றுக்குப் பெயர். நிறம், உயரம், குணம் குறிகளெல்லாம் இவற்றில்தான் எழுதப்பட்டுள்ளன. உயிரணு பிரியுமுன் இந்த இழைகள் ஒவ்வொன்றும் தன்னைப் போலவே ஒரு நகலை உண்டாக்கிக்கொள்ளும். பிறகு ஆளுக்கொரு பங்காகச் சரிசமமாகப் பிரிந்து, ஒரு உயிரணு இரண்டாகும். கையில் அரிவாள் பட்ட காயம் ஆறுவதும், பிள்ளைகள் வளர்வதும் இப்படித்தான்.

கிருமிகளுக்கு இதுவே இனப்பெருக்கம். இரவு அரைத்து வைத்த இட்லி மாவு காலையில் பொங்கி நிற்கிறதே, அதுவும் நுண்ணுயிர்கள் இப்படிப் பெருகியதால்தான். மாவில் நடந்தால் நல்லது. குழந்தையின் பாலில் நடந்தால் கெடுதல். சூடும் ஈரமும் வாய்த்தால் சில கிருமிகள் 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டாகும். ஒரே ஒரு கிருமி 8 மணி நேரத்தில் 1 கோடியே 67 லட்சத்துக்கு மேல் ஆகிவிடும்! மீந்த பாலைப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள் என்று நாங்கள் சொல்வது இதனால்தான்.

வாழை ஏன் விதை போடுவதில்லை?

காட்டு வாழைக்குக் கல் போன்ற விதை உண்டு. நாம் சாப்பிடும் வாழைகளில் பெரும்பாலானவற்றுக்கு குரோமோசோம்கள் மூன்று தொகுதி. தொகுதிக்கு 11 வீதம் மொத்தம் 33. மூன்று தொகுதியை இரண்டு பேருக்குச் சரியாகப் பங்கிட முடியுமா? முடியாது. அதனால் மகரந்தமும் சூலும் சரியாக அமைவதில்லை, விதையும் இல்லை. கிழங்கிலிருந்து பக்கக் கன்று வெடித்துத்தான் வாழை பெருகுகிறது. ஆண் பெண் சேர்க்கை இல்லாத இந்த வழிக்குப் பாலிலா இனப்பெருக்கம் என்று பெயர். கரும்புக் கரணை, முருங்கைப் போத்து, மல்லிகைப் பதியன் எல்லாம் இதே வழிதான். கன்று தாயின் பிள்ளை என்பதைவிடத் தாயின் நகல் என்பதே பொருந்தும்.

நகலில் ஒரு வசதி உண்டு. நல்ல ருசியுள்ள ரகம் ருசி மாறாமல் வரும். பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் பேர் பெற்ற விருப்பாட்சி மலைவாழை தலைமுறை தலைமுறையாக அப்படித்தான் வந்தது. ஆனால் ஒரு கேடும் உண்டு. ஒன்றுக்கு எந்த நோய் ஆகாதோ, அத்தனைக்கும் அந்த நோய் ஆகாது. நமக்குக் கிழக்கே சிறுமலையிலும், மேற்கே கீழ்ப்பழனி மலையிலும் முடிக்கொத்து நோய் வந்தபோது தோட்டம் தோட்டமாக மலைவாழை அழிந்ததைப் பெரியவர்கள் பார்த்திருக்கிறார்கள். அசுவினிப் பூச்சி அந்த வைரஸைப் பரப்பியது. நோயுள்ள தாயிலிருந்து எடுத்த கன்றும் பரப்பியது. நோயில்லாத வாழையின் குருத்து நுனியிலிருந்து திசு வளர்ப்பு முறையில் கன்று உண்டாக்கித்தான் தோட்டங்களை மீட்க வேண்டியதாயிற்று.

மனிதப் பிறப்பு வேறு

இப்போது அந்த விவசாயியின் கேள்விக்கு வருவோம். நம் உயிரணுவில் குரோமோசோம்கள் 46. அதாவது 23 ஜோடி. ஆனால் தாயின் சினை முட்டையிலும் தந்தையின் விந்தணுவிலும் பாதிப்பாதியாக 23தான் இருக்கும். இரண்டும் சேர்ந்து மீண்டும் 46 ஆகின்றன. ஆகவே தாய் வெறும் மண் அல்ல. விதையில் பாதி அவளுடையது. பாதிப் பங்கு பிரியும்போது சீட்டுக் கட்டைக் குலுக்குவதுபோல ஒவ்வொரு முறையும் வேறு கலவை வரும். அதனால்தான் ஒரே வயிற்றில் பிறந்தும் ஒருத்தி கறுப்பு, ஒருத்தி மாநிறம். கருவுற்ற ஒரே முட்டை இரண்டாகப் பிரிந்தால் மட்டும் அச்சு மாறாத இரட்டைக் குழந்தைகள் பிறக்கும்.

ஆணா பெண்ணா என்பதை 23ஆம் ஜோடி முடிவு செய்கிறது. தாயிடம் இருப்பது எக்ஸ், எக்ஸ். அவள் எப்போதும் எக்ஸ் மட்டுமே தர முடியும். தந்தையிடம் இருப்பது எக்ஸ், ஒய். அவர் எக்ஸ் தந்தால் பெண். ஒய் தந்தால் ஆண். 1905ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற பெண் விஞ்ஞானி ஒரு வண்டினத்தில் இதைக் கண்டறிந்தார். மனிதருக்கும் இதே முறைதான்.

"அப்ப தப்பு என் மேலயாய்யா?" என்று கேட்டார் விவசாயி. "யார் மேலயும் தப்பு இல்லீங்க. எந்த அணு முந்தும்னு உங்களால சொல்ல முடியுமா? ஒவ்வொரு பேறும் காசைச் சுண்டிவிடுற மாதிரி. மண்ணை மாத்தினாலும் காசு உங்க கையிலதானே?" என்றேன். கூட்டம் சிரித்தது. பின்வரிசையில் இருந்த அந்தப் பெண் அப்போதுதான் தலை நிமிர்ந்தார். "இதை எங்க அத்தைகிட்டயும் வந்து சொல்லுங்கய்யா" என்றார். போய்ச் சொன்னோம். கிழவியம்மா கடைசிவரை பதில் பேசவில்லை. ஆனால் வாசலுக்கு வந்து வழியனுப்பினார். இரண்டாம் தாரப் பேச்சு அதன்பின் எழவில்லை.

கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று கண்டறிந்து சொல்வதும், கேட்பதும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பதையும் அறிந்திருங்கள்.

தம்பதிகள் செய்ய வேண்டியவை

முதல் நான்கு வாரம்: கருவுற்ற ஒரே உயிரணு விறுவிறுவென்று பிரிந்து, 28 நாளுக்குள் குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழாய் மூடிவிடும். பல பெண்களுக்கு நாள் தள்ளிப்போனதே அப்போதுதான் தெரியும். உயிரணு சரியாகப் பிரிய ஃபோலிக் அமிலம் வேண்டும். ஆகவே குழந்தை வேண்டும் என்று முடிவெடுத்தவுடனே கிராம சுகாதாரச் செவிலியரிடம் ஃபோலிக் அமில மாத்திரை கேளுங்கள். நான்காம் மாதம் முதல் இரும்புச் சத்து மாத்திரையை 180 நாளும் விடாமல் சாப்பிடுங்கள். முருங்கைக் கீரையும் பயறும் நல்லவை; ஆனால் மாத்திரைக்கு அவை மாற்று அல்ல.

சொந்தத்தில் மணம்: தாய்மாமனுக்கும் அக்காள் மகளுக்கும் மரபணுவில் நாலில் ஒரு பங்கு பொது, அத்தை மகன், மாமன் மகளுக்கு எட்டில் ஒரு பங்கு. மலைவாழைக்கு நேர்ந்ததை நினைத்துப் பாருங்கள். ஒரே குறை இருபுறமும் மறைந்திருந்தால் குழந்தையிடம் வெளிப்படும் வாய்ப்பு கூடுகிறது. ஏற்கெனவே சொந்தத்தில் மணந்தவர்கள் அஞ்ச வேண்டாம். பெரும்பாலான குழந்தைகள் நலமாகவே பிறக்கின்றன. கர்ப்பம் என்று தெரிந்ததும் உறவு முறையை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். உங்கள் பிள்ளைகளுக்கு வரன் பார்க்கும்போது வெளியில் பாருங்கள்.

போதும் என்று முடிவெடுத்தால்: ஆண் குழந்தைக்காகவே பேறு மேல் பேறாகத் தாயின் உடம்பை வாட்டாதீர்கள். கணவருக்கான கருத்தடை அறுவை பெண்ணுக்குரியதைவிட எளிது. ஆனால் செய்த அன்றே பலன் தராது. 3 மாதம் வரை வேறு பாதுகாப்பு முறை வேண்டும். பிறகு விந்துப் பரிசோதனை செய்து உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். அந்த விவசாயியிடமும் இதைச் சொன்னேன். "யோசிக்கிறேங்கய்யா" என்றார். யோசிக்கத்தான் வேண்டும், இருவரும் சேர்ந்து யோசியுங்கள்.

நினைவில் வையுங்கள்

வாழைக் கன்று தாயின் நகல். உங்கள் குழந்தை இருவரின் புதுப் படைப்பு. பெண் பிறந்ததற்குத் தாயைப் பழிப்பது அறியாமை. சந்தேகம் எதுவானாலும் உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கணவனும் மனைவியுமாக வாருங்கள்.