கடலுக்கு அடியில் ஒரு கம்பி

கராச்சர்மாவில் ஒரு கணினி தனியாக இருந்தால், தன்னிடம் உள்ளதை மட்டுமே காட்டும். பக்கத்து அறைக் கணினியோடு கம்பியால் இணைத்தால் இரண்டும் பேசிக்கொள்ளும். இதுதான் வலைப்பின்னல். உலகின் வலைப்பின்னல்கள் பல சேர்ந்தது இணையம்.

ஆனால் சென்னைக்கும் அந்தமானுக்கும் நடுவே கடல் கிடக்கிறதே! 2020 வரை செய்திகள் செயற்கைக்கோள் வழியாகவே போயின. அது 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. செய்தி ஏறி இறங்க நேரமாகும். பலர் ஒரே சமயத்தில் கேட்டால் பாதை போதாது. தேர்வு முடிவு பார்க்கவும் காத்துக்கிடக்க வேண்டும்.

2020 ஆகஸ்ட் 10 அன்று கடலடிக் கம்பி திறக்கப்பட்டது. நீளம் சுமார் 2,300 கிலோமீட்டர். உள்ளே தலைமுடி போன்ற கண்ணாடி இழைகள். எழுத்தும் படமும் ஒளியாக மாறி அதில் ஓடும். கார் நிக்கோபாருக்கும் கிளை உண்டு.

கப்பல் நங்கூரம் இழுத்தால் கம்பி அறுந்துபோகலாம். சரிசெய்யத் தனிக் கப்பல் வர வேண்டும். அதுவரை செயற்கைக்கோள்தான் துணை.