வலது கையைக் கட்டிப்போடு

ஸ்ரீரங்கம்

ராஜாவுக்கு அத்தை எழுதுவது.

நீ அனுப்பிய தொடர்கதையின் ஏழு அத்தியாயங்களையும் படித்தேன். அம்மா மண்டபத்துப் படித்துறையை நன்றாக எழுதியிருக்கிறாய். பிழிந்து போட்ட ஈரத்துணியின் வாசனைகூட வருகிறது. ஆனால் ஐந்தாம் அத்தியாயத்தில் உன் கதாநாயகனுக்கு வலது தோளில் அரிவாள் வெட்டு விழுகிறது. ரத்தம் பீறிடுகிறது, சட்டை நனைகிறது, படி சிவக்கிறது. ஆறாம் அத்தியாயத்தில் அதே ஆள் மலைக்கோட்டையின் நானூறுக்கு மேற்பட்ட படிகளை ஓடியே ஏறி, உச்சிப் பிள்ளையார் கோயில் வாசலில் இரண்டு பேரை அடித்துச் சாய்க்கிறான். அந்த வெட்டு எங்கே போயிற்று?

எலும்பு முறிவு வார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் என்பதால் குற்றம் கண்டுபிடிக்கிறேன் என்று நினைக்காதே. கதை படிக்கிறவளாகத்தான் கேட்கிறேன். அந்தக் காயத்தால் அவனுக்கு ஒன்றும் நஷ்டமில்லை என்று தெரிந்ததும் எனக்குப் பயம் விட்டுப்போயிற்று. இனி அவனைக் காவிரிப் பாலத்திலிருந்து தள்ளிவிட்டாலும் நான் பக்கத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவேன். பதற்றம் ரத்தத்தின் அளவில் இல்லையடா. நேற்று வரை முடிந்தது இன்று முடியவில்லை, முடியாததனால் அவன் என்ன செய்யப்போகிறான் என்பதில் இருக்கிறது.

முதலில் உடம்பைத் தெரிந்துகொள். பெரிய ஆளின் உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம் ஓடுகிறது. ஒன்றரை லிட்டருக்கு மேல் போனால் நாடி ஓட்டமெடுக்கும், கைகால் சில்லிடும், வியர்க்கும், தண்ணீர் தண்ணீர் என்பான், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்வான். கழுத்துப்பட்டை எலும்புக்குக் கீழே பெரிய ரத்தக்குழாயும் கைக்குப் போகிற நரம்புக் கொத்தும் இருக்கின்றன. வெட்டு அங்கே இறங்கியிருந்தால் உயிர் தப்பினாலும் கை துவண்டு தொங்கும். எலும்பு மட்டும் முறிந்திருந்தால்கூட, கூடுவதற்கு ஆறு வாரமாவது வேண்டும். உன் கதையோ மூன்று நாளில் நடக்கிறது. அப்படியென்றால் கதை முடியும் வரை அவனுக்கு வலது கை கிடையாது. இதை இடைஞ்சலாக நினைக்காதே, கதைக்குக் கிடைத்த வரம் இது.

வலது கை இல்லாதவன் என்ன ஆகிறான் என்பதை நான் நாள் தவறாமல் பார்த்திருக்கிறேன். வேட்டி கட்ட முடியாது. சட்டையில் கை நுழையாது. பஸ்ஸில் கம்பியைப் பிடித்தால் சில்லறை எடுக்க முடியாது, சில்லறை எடுத்தால் கம்பியை விட வேண்டும். மாவுக்கட்டு போட்ட ஒருவர் என் வார்டில் இருந்தார். லாரி ஓட்டுகிறவர், குரலே கனமாக இருக்கும். சாப்பாட்டு நேரத்தில் அவர் மனைவி சாதத்தைப் பிசைந்து கையை நீட்டுவார். இவர் வாயைத் திறக்குமுன் ஒவ்வொரு தடவையும் வாசலைப் பார்ப்பார், பள்ளிக்கூடம் விட்டு மகன் வந்துவிட்டானா என்று. ஊசிக்கு முகம் சுளிக்காத மனிதர், மகன் பார்த்துவிடக்கூடாது என்பதற்காக ஆறிப்போன சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். அந்தப் பார்வையை எழுது. அரை பக்க ரத்தம் செய்யாததை அது செய்யும்.

இன்னொன்றையும் கோட்டைவிட்டிருக்கிறாய். உன் கதாநாயகன் போலீசுக்குத் தலைமறைவாக இருப்பவன். வெட்டுக்காயத்தோடு புத்தூர் பெரியாஸ்பத்திரிக்குப் போனால் முதலில் ஏ.ஆர். போடுவார்கள். யார் வெட்டினார்கள், எங்கே, எத்தனை மணிக்கு என்று விபத்துப் பதிவேட்டில் எழுதிக்கொண்டு போலீசுக்குத் தகவல் அனுப்புவார்கள். தனியார் ஆஸ்பத்திரியிலும் தகவல் சொல்லியாக வேண்டும். ஆகவே காவிரிப் பாலத்தைத் தாண்டி ஆஸ்பத்திரிக்குப் போனால் கையை வைத்துக்கொள்ளலாம், ஆனால் பிடிபடுவான். போகாவிட்டால் தப்பிக்கலாம், கை போகும். இந்த முடிவை எடுக்க, பாலத்துக்கு இந்தப் பக்கம் மாம்பழச் சாலை முனையில் அவனை நிறுத்தி வை. யார் வீட்டுக் கதவைத் தட்டுவான்? திறக்கிறவர்கள் உள்ளே விடுவார்களா? இதை எழுதினால் ஆறாம் அத்தியாயத்துக்கு அடிதடியே தேவைப்படாது.

நீ பிறந்த ஊரிலேயே இதற்குப் பெரிய பாடம் இருக்கிறது. கூரத்தாழ்வான் கதையைச் சின்ன வயதில் கேட்டிருப்பாய். இப்போது எழுதுகிறவனாக அதைத் திரும்பக் கேள். குருபரம்பரை சொல்கிறபடி, சோழ அரசனின் ஆட்கள் ராமானுஜரைத் தேடி வருகிறார்கள். ஆழ்வான் தன் ஆசாரியரான ராமானுஜருடைய காவியை உடுத்திக்கொண்டு, தானே அவர் என்று சபைக்குப் போகிறார். முதியவரான பெரிய நம்பியும் கூடப் போகிறார். ராமானுஜர் வெள்ளை உடுத்து மேற்கே போய்விடுகிறார். சபையில் இருவருக்கும் கண் போகிறது. ஆழ்வான் தன் கண்ணைத் தானே போக்கிக்கொண்டார் என்பது மரபு. சொல்கிறவர்கள் அந்த இடத்தில் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று கவனி. ஒரு வாக்கியம், அவ்வளவுதான். பிறகுதான் கதை விரிகிறது. கண்ணில்லாத இரண்டு பேர் ஊர் திரும்ப வேண்டும். நம்பி வழியிலேயே பரமபதிக்கிறார். ஆழ்வான் அரங்கத்துக்கு வந்து சேர்ந்தால், ராமானுஜரைச் சேர்ந்தவர்களை உள்ளே விடக்கூடாது என்று கோயில் வாசலில் தடை. இவர் நல்லவர், இவரை மட்டும் விடலாம் என்கிறான் ஒருவன். அதைக் கேட்ட ஆழ்வான், தன் நல்ல பெயர் ஆசாரிய சம்பந்தத்தை விட்டுப் பிரித்துக் கிடைக்கிற பெயராக இருந்தால் வேண்டாம் என்று திரும்பிவிடுகிறார். திருமாலிருஞ்சோலைக்குப் போய்விடுகிறார்.

காயம் அங்கேயும் முடியவில்லை. பல ஆண்டு கழித்துத் திரும்பி வந்த ராமானுஜர், காஞ்சி வரதனிடம் கண்ணைக் கேள் என்று ஆழ்வானை அனுப்புகிறார். கேட்டதைத் தருகிற தெய்வம், கேட்கச் சொல்கிற குரு. ஆழ்வான் கேட்டது தன் கண்ணை இல்லை. அவருடைய கண் போகக் காரணமாயிருந்த நாலூரானுக்கு நற்கதி. பார்வை வருமா வராதா என்று காத்திருந்த நம்மை அந்த ஒரு வேண்டுதல் எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது பார். ஒரே காயம்தான். அது ஒவ்வொரு வாசலிலும் அவரிடம் ஒரு கேள்வி கேட்கிறது, ஒவ்வொரு பதிலிலும் அவர் யார் என்று நமக்குத் தெரிகிறது. நம் ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாக இதைக் கண்கலங்கச் சொல்வது இதனால்தான்.

திருச்சி தேசியப் பள்ளியில் படித்த கல்கிக்கும் இது தெரிந்திருந்தது. 1950 முதல் 1954 வரை அவர் எழுதிய ‘பொன்னியின் செல்வ’னில் பெரிய பழுவேட்டரையர் உடம்பில் 64 தழும்புகள். அவை பெருமைக்கு. கதையை இழுத்துக்கொண்டு போவதோ சுந்தர சோழரின் நடக்க முடியாத கால்கள். அடுத்த அரசன் யார் என்ற சூழ்ச்சி எல்லாம் அவர் படுத்திருக்கும் கட்டிலைச் சுற்றித்தான் நடக்கிறது. கடைசியில் எழுந்து ஓட முடியாத அரசர், மறைந்திருந்து வேல் எறிகிறவன், நடுவில் வாய் பேச முடியாத மந்தாகினி. ஒருவரால் ஓட முடியாது, ஒருவரால் சொல்ல முடியாது. வேல் பாயும் முன்பே நமக்கு மூச்சு முட்டுகிறது.

தலைக்காயம் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஏழாம் அத்தியாயத்தில் ஒருவனைக் கட்டையால் அடித்து மயங்க வைக்கிறாய், அவன் இரண்டு மணி நேரம் கழித்து முகம் கழுவிக்கொண்டு எழுந்து போகிறான். மூளை ஃபேன் சுவிட்ச் இல்லை. அத்தனை நேரம் நினைவில்லாமல் கிடப்பவன் உயிருக்குப் போராடுகிறவன். அதைவிட உனக்கு உதவக்கூடியது வேறொன்று உண்டு. தலையில் அடிபட்ட சிலர் எழுந்து உட்கார்ந்து நன்றாகப் பேசுவார்கள், காபி கேட்பார்கள். உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருக்கும். சில மணி நேரத்தில் தலைவலி, வாந்தி, பிறகு மயக்கம். அப்படிப்பட்டவனை ராக்ஃபோர்ட் எக்ஸ்பிரஸில் தனியாக ஏற்றிவிடு. அவன் ஒரே கேள்வியை இரண்டாம் தடவை கேட்பதை எதிர் சீட்டுக்காரர் மட்டும் கவனிக்கட்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். மூன்றாம் அத்தியாயத்தில் கதாநாயகனுக்குக் கோபம் வரவேண்டும் என்பதற்காக அவன் தங்கையை அடிபட வைத்தாய். அடிபட்ட பிறகு அவளைப் பற்றி ஒரு வரி இல்லை. வார்டில் அப்படி யாரும் காணாமல் போவதில்லை ராஜா. அவளுக்கும் வலிக்கும், வேலைக்குப் போக முடியாது, யாரைப் பார்த்தாலும் சுருங்குவாள். அவளுக்கு ஒரு அத்தியாயம் கொடு, இல்லையென்றால் அந்த அடியை எடுத்துவிடு.

மலைக்கோட்டைச் சண்டையை அடித்துவிட்டு, அவன் ஒற்றைக் கையோடு மாம்பழச் சாலையில் நிற்பதிலிருந்து ஆறாம் அத்தியாயத்தைத் திரும்ப எழுது. தையல், கட்டு, ஊசி பற்றி எந்தச் சந்தேகம் என்றாலும் போன் பண்ணிக் கேள். எழுதி முடித்ததும் எனக்குத்தான் முதலில் அனுப்ப வேண்டும்.

இப்படிக்கு,
அத்தை