றிமோட் பிடிக்கப் போகும் பிள்ளைகளுக்கு

மிதிவெடி அகற்றும் வேலைக்குச் சேர்ந்து, தொலைவில் நின்று ஓட்டும் மெசினில் பழகப் போகிற தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும் எழுதுகிறேன். இலங்கையின் வடக்கில் 2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகுதான் இந்த வேலை பெரிய அளவில் நடக்கத் தொடங்கியது. குரோஷியாவின் எம்வி-4, சுலோவாக்கியாவின் பொசேனா என்று மெசின்களும் வந்தன. எந்த மெசினைத் தந்தாலும் இவற்றை மறக்காதீர்கள்.

1. மெசின் ஓடியதால் காணி துப்புரவாகிவிடாது. உங்களுக்குப் பின்னால் முழங்காலில் ஊர்ந்து வருகிற ஆளுக்கு அது வழிவிடுகிறது, அவ்வளவுதான். முன்னாலுள்ள உருளையில் சங்கிலிகளும் அவற்றின் நுனியில் சுத்தியல் தலைகளும் இருக்கும். அவை சுழன்று நிலத்தை அடிக்கையில் பற்றை சிதறும், இடறு கம்பி அறும், பல மிதிவெடிகள் வெடிக்கும் அல்லது நொறுங்கும். சில வெடிக்காமல் பக்கத்துக்கு எறிபடும். சில மண்ணோடு மண்ணாக முன்னே தள்ளுப்பட்டுப் போகும். ஏற்கெனவே அடித்து முடித்த பாதையிலும் ஒன்று வந்து விழலாம். அந்தப் பாதையில் அடுத்து மண்டியிடப் போகிறவர் ஒரு பெண்ணாக இருக்கலாம். வடக்கில் இந்த வேலையில் இருக்கிற பெண்களில் பலர் போரில் கணவனை இழந்து, தனியாகக் குடும்பத்தைச் சுமப்பவர்கள்.

2. மதிப்பாய்வு அறிக்கையை வாசிக்காமல் மெசினை இறக்காதீர்கள். முகமாலை நீண்ட காலம் முன்னரங்காக இருந்த இடம். அங்கே மண் அணை, பதுங்குகுழி, வெடிக்காத எறிகணை எல்லாம் மிதிவெடியோடு கலந்து கிடந்தன. அப்படியான நிலத்தில் சங்கிலியால் அடிப்பதைவிட, கவசமிட்ட தோண்டும் மெசினால் மண்ணை அள்ளிப் பரப்பிப் பார்ப்பதே சரி. பெரிய எறிகணையோ விமானக் குண்டோ கிடக்கும் என்று சந்தேகம் வந்தால் சங்கிலி மெசினை அந்தப் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம். தாங்கி எதிர்ப்புக் கண்ணிவெடி இருக்கலாம் என்றால் உங்கள் மெசின் அதைத் தாங்குமா என்று முதலில் கேளுங்கள்.

3. பலகைச் சோதனையை ஒருநாளும் தவிர்க்காதீர்கள். வெடியில்லாத நிலத்தில், மெசின் போகும் பாதைக்குக் குறுக்கே, மெல்லிய நார்ப்பலகையை மண்ணுக்குள் செங்குத்தாகப் புதையுங்கள். வேலையில் எந்த வேகத்தில் ஓட்டுவீர்களோ அதே வேகத்தில் அதன் மேல் ஓட்டிவிட்டு, பலகையைக் கிண்டி எடுத்துப் பாருங்கள். மேல் விளிம்பு ஒரே மட்டமாக வெட்டுப்பட்டிருந்தால் நல்லது. வாளின் பல்லைப்போல ஏறி இறங்கி நின்றால், ஒவ்வொரு மேட்டிலும் உங்கள் சுத்தியல் படாத மண் இருக்கிறது என்று பொருள். ஒரு மிதிவெடி ஒளிந்திருக்க உள்ளங்கை அளவு இடம் போதும். பிறகு வேகத்தைக் குறைத்து இன்னொரு பலகையைப் புதையுங்கள். வேகம் எவ்வளவு கெடுதல் செய்கிறது என்பதை எந்த வகுப்பும் இவ்வளவு தெளிவாகக் காட்டாது. மண் மாறினால் சோதனையையும் திரும்பச் செய்யுங்கள். நாகர்கோவில் மணலில் சரியாக வந்த வேகம் வன்னியின் களிமண்ணில் சரிவராது.

4. சோளகக் காற்றில் தூசி மெசினையே மூடிவிடும். காற்று உங்கள் முதுகில் படும்படி நில்லுங்கள். மெசின் கண்ணுக்குத் தெரியாவிட்டால் நிறுத்துங்கள். கமராவை மட்டும் நம்பி ஓட்ட வேண்டாம். மாரி மழையில் ஈரக்களி உருளையில் அப்பிக்கொள்ளும், ஆழம் குறையும். அப்போது வேலை இல்லை.

5. ஒவ்வொரு பாதைக்கும் முன்னும் பின்னும் சங்கிலிகளை எண்ணுங்கள். ஒன்று குறைந்தால் அந்தப் பாதை முழுவதும் அடிபடாத ஒரு கோடு இருக்கிறது. கழன்ற சுத்தியல் தலை மண்ணுக்குள் கிடந்து டிடெக்டரைக் கத்த வைக்கும். பின்னால் வருகிறவர் அதை மிதிவெடி என்று நினைத்து விரல் விரலாக மண் வழித்துக் கிண்டிக்கொண்டிருப்பார்.

6. வெடிச்சத்தம் கேட்டதும் மெசினிடம் ஓடாதீர்கள். குறித்த நேரம் பொறுத்து, துப்புரவான பாதைக்கு அதைப் பின்னால் எடுத்து, சங்கிலிக்கும் மெசின் ஓடும் பட்டிக்கும் இடையில் எதுவும் சிக்கியிருக்கிறதா என்று பொறுப்பாளர் பார்த்த பிறகே கை வையுங்கள். ஜொனி மிதிவெடியில் மிகக் கவனம் வேண்டும். அதன் பெட்டி மரம், இத்தனை மழைக்கு உக்கியிருக்கும். சங்கிலி பட்டதும் பெட்டி உடைந்து, மருந்து ஒரு பக்கமும் வெடிப்பி ஒரு பக்கமுமாகச் சிதறும். வெடிக்க வைக்கும் பற்றரி செத்திருக்கும் என்று சொல்லிக்கொண்டு அந்த வெடிப்பியைத் தொடுகிறவரோடு நான் வேலை செய்ய மாட்டேன்.

7. வெட்டிய பற்றையை அப்படியே விடாதீர்கள். டிடெக்டர் தலை நிலத்தை ஒட்டிப் போக வேண்டும். சருகும் கொப்பும் மெத்தை மாதிரிக் கிடந்தால் அது எட்டாது. வாரி எடுக்கும் வேலையையும் உங்கள் வேலைத் திட்டத்திலேயே சேருங்கள். நெருப்பு வைக்கிற யோசனையே வேண்டாம்.

8. பதிவேட்டில் நடந்ததை எழுதுங்கள். இலங்கை 2017 டிசம்பரில் மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா ஒப்பந்தத்தில் சேர்ந்தது, 2028 ஜூனுக்குள் அகற்றி முடிக்க வேண்டும் என்ற கெடு இருக்கிறது. ஆகவே அலுவலகம் இன்றைக்கு எத்தனை சதுர மீற்றர் என்றுதான் முதலில் கேட்கும். அந்தக் கேள்விக்காக, அடிக்காமல் விட்ட பனை அடியையோ புற்றையோ கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். மெசின் வழுக்கிய இடம், திரும்பிய மூலை, கிடங்கு கண்டு உருளையைத் தூக்கிய இடம், எல்லாவற்றையும் படத்தில் கீறிக் காட்டுங்கள். விடிய வந்து அங்கே மண்டியிடுபவர் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் எங்கே டிடெக்டரை இரண்டுதரம் ஓட்டுவது என்று முடிவெடுப்பார்.

9. காணிக்காரர் வேலிக்கு வெளியில் வந்து நிற்பார். இடம்பெயர்ந்து ஆண்டுக்கணக்கில் அலைந்தவர், பற்றை போய்த் தன் கிணறு தெரிந்ததும் உள்ளே வரத் துடிப்பார். அவரோடு அன்பாகப் பேசுங்கள். ஆனால் "இனிப் பயமில்லை ஐயா" என்று மட்டும் வாய் தவறியும் சொல்லிவிடாதீர்கள். கையால் தேடி முடித்து, தரச் சோதனையும் நடந்து, காணி முறைப்படி கையளிக்கப்படும்வரை எல்லை காட்டும் சிவப்புத் தடிக்கு இந்தப் பக்கம் ஒரு காலும் வரக்கூடாது என்று அவருக்கு ஒவ்வொரு நாளும் சொல்லுங்கள், அவர் கோபித்தாலும்.