வாழை நாரில் ஓர் ஆடை
பட்டிழையை அறாமல் எடுப்பதற்காகப் பெரும்பாலும் கூட்டுப்புழுவை வெந்நீரிலோ ஆவியிலோ கொல்கின்றனர். திருமணத்திற்குப் பட்டே வேண்டும் என்போர் இதனை எண்ணுதல் வேண்டும்.

பிலிப்பைன்ஸ் மக்கள் அன்னாசி இலை நாரில் மெல்லாடை நெய்கின்றனர். அக்லான் பகுதியின் அக்கைத்தறிக் கலையை 2023இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. அபாக்கா என்னும் வாழையினத்தின் நாரும் அங்கே தறியேறுகிறது.

மன்னார்புரத்தில் வாழும் நமக்கு வாழை அயலன்று. தேசிய வாழை ஆராய்ச்சி மையமே 1993இல் திருச்சியில்தான் தோன்றியது. தார் ஈன்ற மரம் மறுமுறை ஈனாது, எப்படியும் வெட்டுவர். அதன் மட்டைகளைச் சுரண்டி, அலசி, உலர்த்தினால் நார் கிடைக்கும். நம் இல்லங்களில் பூத்தொடுப்பதும் வாழை நாரில்தானே! சென்னையை அடுத்த அனகாபுத்தூர் நெசவாளர் இந்நாரைப் பருத்தியுடன் சேர்த்துச் சேலையே நெய்துள்ளனர். பட்டின் வழவழப்பு இதில் வாராது என்பது உண்மை. எனினும், அடுத்த மணவிழாவிற்கு ஒரு சேலையேனும் நெய்வித்துப் பார்க்கலாம்.