‘மிக அவசரம்’ என்று எழுதாத பைல்கள்

குரூப் 4 தேர்வில் தேறி, கோட்டாட்சியர் அலுவலகம் ஒன்றில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். முதல் வாரம் மேசைக்கு வந்த தபால்களில் பாதிக்கு மேல் ‘மிக அவசரம்’ என்று தலையில் எழுதிக்கொண்டுதான் வந்தன. அந்த இரண்டு சொற்களை நம்பி வேலை பார்த்தால் நாள் முழுக்க ஓடலாம். சாயங்காலம் ஒரு பைல்கூட முடிந்திருக்காது.

தபாலைப் பார்ப்பதற்கு முன்னால் சீட்டைப் பொறுப்பேற்க வேண்டும். முன்பு இருந்தவர் நீட்டும் பொறுப்புப் பட்டியலில் அப்படியே கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். தபால்களைப் பதியும் தன்பதிவேட்டை விரித்து, முடிவு காட்டாத ந.க. (நடப்புக் கணக்கு) எண்களைத் தனியாக எழுதி, ஒவ்வொரு பைலும் பீரோவில் இருக்கிறதா என்று எடுத்துப் பாருங்கள். இல்லாததை ‘இல்லை’ என்று அன்றைக்கே எழுதி நேர்முக உதவியாளரிடம் கொடுத்துவிட வேண்டும். ஆறு மாதம் கழித்துச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

பக்கத்து சீட் அக்கா ஒரு யோசனை சொன்னார்: “மேல என்ன எழுதியிருக்குன்னு பாக்காத தம்பி. தேதி தப்பினா என்ன ஆகும்னு மட்டும் பாரு.”

அப்படிப் பார்த்தால் வரிசை தானாக அமைந்துவிடுகிறது. ரிட் மனுவில் உயர் நீதிமன்றம் ‘12 வாரத்துக்குள் முடிவெடுக்க வேண்டும்’ என்று சொன்னால், பெரும்பாலும் ஆணை நகல் கிடைத்த நாளிலிருந்து அது தொடங்கும். ஆகவே நகல் வந்த தேதியை முத்திரையோடு பதிந்து, கெடு முடியும் நாளை நாட்காட்டியில் எழுதிவிடுவேன். தப்பினால் அடுத்து வருவது நீதிமன்ற அவமதிப்பு வழக்கு. தகவல் உரிமைச் சட்ட மனுவுக்கு 30 நாள். புதியவர்கள் கவனிக்காமல் விடுவது இன்னொரு கெடு: கேட்ட தகவல் வேறு அலுவலகத்தில் இருந்தால் 5 நாளுக்குள் அங்கே மாற்றி அனுப்ப வேண்டும். தாமதத்துக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 வரை அபராதம். அது பொதுத் தகவல் அலுவலர் தலையில் விழும். அவர் பார்வை நம் மேல் விழும். கூட்டத்தொடர் நடக்கும்போது சட்டமன்ற வினா வந்தால் மற்றதெல்லாம் அப்புறம். வாட்ஸ்அப்பில் ‘உடனே’ என்று கேட்கப்படும் படிவங்களுக்கு ஒரே கேள்விதான்: “எத்தனை மணிக்குள்ள வேணும் சார்?” பல நேரம் பதில் ‘நாளைக்கு’ என்றுதான் வரும்.

ஆனால் இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. தேதி உள்ள பைலுக்கு நீதிமன்றமோ சட்டமோ காவல் நிற்கிறது. தேதியே இல்லாத மனுவுக்கு யார் இருக்கிறார்கள்? 1979-இல் தொடங்கி எண்பதுகளில் நடந்த யு.டி.ஆர். என்னும் நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் நிலம் வேறொருவர் பெயருக்கு மாறிப் பதிவாகியிருக்கும். அதைத் திருத்தக் கேட்டு வருபவர் பெரும்பாலும் அப்போது உழுதவரின் மகனோ பேரனோதான். வட்டாட்சியர் அறிக்கை வர வேண்டும், பழைய ‘அ’ பதிவேட்டைப் பார்க்க வேண்டும், இரு தரப்பையும் விசாரிக்க வேண்டும். எந்தக் கட்டத்தில் நின்றாலும் போன் அடிக்காது. மனுதாரர் மட்டும் வாசலில் நிற்பார்.

அதனால் காலையில் வந்ததும் முதல் அரைமணியை இந்த மனுக்களுக்கே ஒதுக்கினேன். ஒரு நினைவூட்டுக் கடிதம், ஒரு விசாரணை அறிவிப்பு, அவ்வளவுதான். பத்தரைக்கு மேல் அந்தப் பைல் பக்கம் திரும்ப முடியாது என்பது எந்தப் பிரிவில் வேலை பார்ப்பவருக்கும் தெரியும். அவசரத்தை முடித்துவிட்டு இதைப் பார்க்கலாம் என்பவர்கள் பார்த்ததே இல்லை.

இனி சொந்த விஷயம். புதிதாகச் சேர்ந்தவரைத் தேடி முதலில் வருவது ஜாமீன் கையெழுத்து. கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கத்தில் கடன் எடுக்கும் சக ஊழியருக்கு இன்னொரு ஊழியர் ஜாமீன் நிற்க வேண்டும். புது ஆளுக்குக் கடன் எதுவும் இருக்காது, மறுக்கவும் தெரியாது. கடன் வாங்கியவர் கட்டாவிட்டால் பிடித்தம் நம் சம்பளத்தில். “தகுதிகாண் பருவம் முடியட்டும் அண்ணே” என்று நான் சொல்லிவந்தேன். முகம் சுளித்தவர்கள் உண்டு. ஒரு வாரத்தில் டீக்குக் கூப்பிட்டார்கள். தகுதிகாண் பருவம் என்பது மூன்றாண்டுத் தொடர்பணிக்குள் இரண்டாண்டு. அதற்குள் பணிப்பதிவேட்டில் கல்விச் சான்றுகளும் வாரிசு நியமனமும் பதிவாகிவிட்டனவா என்று நேரில் பார்த்துவிடுங்கள். பவானிசாகர் அடிப்படைப் பயிற்சிக்குப் பெயர் வந்தால் ‘இப்போது வேலை இருக்கிறது’ என்று தள்ளிப்போடாதீர்கள்.

துறைத் தேர்வும் அப்படித்தான். தேர்வாணையம் ஆண்டுக்கு இரண்டு முறை நடத்துகிறது. விண்ணப்பிக்கும் கடைசி நாள் ஆபீசின் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. யாரும் நினைவூட்டவும் மாட்டார்கள். அறிவிக்கை வந்த அன்றே விண்ணப்பித்துவிடுங்கள். தேர்வு நாளுக்கு விடுப்பு கேட்டு மறுத்த அதிகாரியை நான் இதுவரை பார்த்ததில்லை.